காட்டுப்பன்றிக்கு எந்தத் துவக்கு?

"தம்பி, லேசான ரைபிள் ஒண்ணு கிடைச்சா இந்தப் பன்றித் தொல்லை ஒரே ராத்திரியில முடிஞ்சிரும்தானே?"

டிக்கோயாவுக்கு மேலே, தைலமரக் காட்டோரத்தில் உள்ள மரக்கறித் துண்டில் நின்றபடி ஒரு பெரியவர் எம்மிடம் கேட்டார். அவர் காலடியில் பதினான்கு பாத்தி உருளைக்கிழங்கு புரட்டப்பட்டுக் கிடந்தது. இன்னும் மூன்று வாரத்தில் கிண்டியிருக்க வேண்டிய கிழங்கு. விதைக்கிழங்கு கடனுக்கு வாங்கியது. பன்றிகள் தின்றது கொஞ்சம், கிளறிப் போட்டு மிதித்ததே அதிகம்.

அந்தக் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பின் மலையை விட்டு வவுனியாப் பக்கம் போனது. அங்கே காடு வெட்டி, உழுந்தும் கச்சானும் போட்டுப் பிழைத்தது. பிறகு போரினால் அங்கிருந்தும் இடம்பெயர்ந்து, உறவினரின் லயத்துக்கே திரும்பி வந்தது. இப்படி வந்தவர்களுக்கும், மண்சரிவில் வீடிழந்து வேறிடம் போனவர்களுக்கும், 2025 நவம்பரில் டித்வா புயல் மழையில் எல்லாம் இழந்தவர்களுக்கும் கிடைக்கின்ற நிலம் பெரும்பாலும் காட்டோர நிலம்தான். நல்ல நிலத்தில் ஏற்கனவே ஆள் இருக்கும். ஆகவே பன்றி முதலில் இறங்குவது பிந்தி வந்தவனின் பாத்தியில். பெரியவரின் கேள்வியை ஆசைப்பட்டுக் கேட்ட கேள்வி என்று ஒதுக்க முடியவில்லை. நேர்மையாக விடை சொல்ல முயல்கின்றோம்.

பன்றியின் உடம்பு

நன்கு வளர்ந்த ஆண் பன்றி 80 கிலோ, 100 கிலோவும் வரும். கண்பார்வை மட்டம், மூக்கும் காதும் கூர்மை. காற்று உங்கள் பக்கமிருந்து அதன் பக்கம் வீசினால் நீங்கள் இரவு முழுதும் காத்திருந்தாலும் வராது. பெட்டைப் பன்றி சுமார் 115 நாள் சினையில் இருந்து நான்கு முதல் எட்டுக் குட்டி வரை போடும். ஒரு பன்றியைச் சுட்டுவிட்டால் தொல்லை தீரும் என்று எண்ணுபவர்கள் இந்தக் கணக்கையும் மனதில் வைக்க வேண்டும்.

துவக்கைப் பற்றிப் பேசுமுன் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று, கிழட்டு ஆண் பன்றியின் தோள்பட்டை. அங்கே தோலுக்குக் கீழே நரம்பும் கொழுப்பும் இறுகி ஒரு கேடயம் போல் இருக்கும். ஆண் பன்றிகள் ஒன்றையொன்று கொம்புப் பல்லால் கிழிக்கும்போது காப்பாற்றுவதற்காக இயற்கை கொடுத்தது. சிறிய சன்னங்களும் பலங்குறைந்த குண்டும் அதில் நின்றுவிடும். இதயமும் நுரையீரலும் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நாம் நினைப்பதை விடத் தாழ்வாக இருக்கின்றன.

லேசான ரைபிள் என்றால் என்ன?

நம்மவர்கள் 'லேசான ரைபிள்' என்று சொல்லும்போது பெரும்பாலும் மனதில் இருப்பது பொயிண்ட் 22. கைக்கு அடக்கம், அதிர்வு இல்லை, சத்தம் குறைவு, தோட்டா மலிவு. ஆனால் அதன் குண்டு 2.6 கிராம் மட்டுமே. குண்டு அடிக்கும் பலத்தை யூல் என்ற அலகில் அளப்பார்கள். பொயிண்ட் 22இன் குண்டு துவக்கை விட்டுக் கிளம்பும்போது 150 முதல் 190 யூல் வரைதான் இருக்கும். முயலுக்கு அது போதும். பன்றிக்கு அது போதாது. காயம்பட்ட பன்றி ஓடிப்போய் மானாப்புல்லுக்குள் நாட்கணக்கில் புழுத்துச் சாகும், அல்லது மறுநாள் கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணின் மேல் பாயும்.

வெளிநாடுகளில் பன்றி வேட்டைக்கு உண்மையில் 'லேசான ரைபிள்' என்று எடுத்துக்கொள்வது வேறு வகை. 1955இல் வந்த பொயிண்ட் 243 வின்செஸ்டர் சுமார் 2,600 யூல் பலமுள்ளது. அமெரிக்காவில் நூறு ஆண்டுக்கும் மேலாகப் புழங்கும் 30-30 சுமார் 2,500 யூல். 1952இல் வந்த பொயிண்ட் 308 சுமார் 3,500 யூல். பொயிண்ட் 223 இவற்றை விடக் குறைந்தது, 1,750 யூல் அளவு. சரியான இடத்தில் பட்டால் கொல்லும், தோளில் பட்டால் சந்தேகம். ஆகவே திறந்த வெளியில், பெரிய பண்ணையில், பழகிய கைக்கு எது நல்லது என்று கேட்டால் பொயிண்ட் 243 அல்லது 30-30 என்று சொல்லிவிடலாம்.

எமது மலையில் அந்த விடை இரண்டு காரணத்தால் பொருந்தாது. முதலாவது சட்டம். இலங்கையில் பயிர்ப் பாதுகாப்புக்கென அனுமதிக்கப்படுவது சொட்கன் எனப்படும் வேட்டைத் துவக்கே, ரைபிள் அல்ல. இரண்டாவது காரணம், என் எண்ணத்தில் சட்டத்தை விடவும் பெரியது. ஹட்டன், தலவாக்கலை, அக்கரப்பத்தனை எங்கும் நின்று பாருங்கள். இந்தச் சரிவில் பாத்தி, கீழே ஓடை, எதிர்ச் சரிவில் லயம். பெரிய ரைபிளின் குண்டு தவறினால் 3, 4 கிலோமீற்றர் போகும். பொயிண்ட் 22 கூட ஒன்றரைக் கிலோமீற்றர் வரை போகக்கூடியது. இருட்டில், பனிமூட்டத்தில், எதிர்ச் சரிவில் யார் வீட்டு வாசலில் நிற்கிறார்கள் என்று சுடுபவனுக்குத் தெரியாது. சொட்கன்னின் பெரிய சன்னமும் சில நூறு மீற்றர் போகும் என்றாலும் அத்தோடு விழுந்துவிடும்.

1848இல் நுவரெலியாவில் வந்து பண்ணை போட்ட சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் வேட்டைக்கே பேர்போனவர். யானைக்குப் பெரிய துவக்குகளைத் தூக்கிய அவரே இந்த மலைகளில் மரையையும் பன்றியையும் நாய்களை விட்டு மடக்கிக் கத்தியால்தான் முடித்தார். மறைவு மிகுந்த, கிட்டத்து வேட்டை நிலம் இது என்பது அவருக்கே தெரிந்திருந்தது. அவருக்குப் பின்னால் நாய் பிடிக்கவும் சுமை தூக்கவும் ஆட்கள் இருந்தார்கள் என்பது வேறு கதை.

12 போர் துவக்கும் அதன் தோட்டாவும்

ஆக, எமக்குப் பொருந்துவது 12 போர் சொட்கன். ஒரு இறாத்தல் ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக்கினால் ஒரு உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாக இறங்குமோ, அதுவே 12 போர். இந்தத் துவக்கின் குணம் முழுவதும் அதில் போடும் தோட்டாவில் இருக்கின்றது.

தோட்டாவின் மேல் எழுதியிருக்கும் இலக்கத்தைப் பாருங்கள். 4ஆம் இலக்கத்தில் ஒரு அவுன்சுக்கு 170 சன்னம். அது பறவைக்கு. பி.பி. என்றால் 70. அதுவும் பன்றிக்கு ஆகாது, தோலைப் புண்ணாக்கி அனுப்பிவிடும். எஸ்.ஜி. என்பதில் ஒரு அவுன்சுக்கு 8 சன்னம் மட்டுமே. ஒவ்வொன்றும் மூன்றரைக் கிராம், குறுக்களவு எட்டரை மில்லிமீற்றர் அளவு. ஒரு தோட்டாவில் வழக்கமாக 9 சன்னம் இருக்கும். ஒன்பதும் சேர்ந்து 2,000 யூலுக்கு மேல் பலம். சில பெட்டிகளில் எஸ்.ஜி.க்குப் பதிலாக இரட்டைச் சைபர் போட்டிருக்கும், அளவு ஏறக்குறைய அதுவே. பன்றிக்கு எடுக்க வேண்டியது இதுதான்.

ஆனால் ஒன்பது சன்னமும் ஒன்றாகப் பட்டால்தான் அந்தப் பலம். தூரம் கூடக்கூடச் சன்னங்கள் விரிந்து போகின்றன. 25 மீற்றரில் பன்றியின் நெஞ்சுக்குள் அடங்குவது, 50 மீற்றரில் இரண்டோ மூன்றோதான் படும், அதுவும் வயிற்றிலோ பின்காலிலோ. 30 மீற்றருக்கு அப்பால் விசையைத் தொடாதீர்கள். ஒவ்வொரு துவக்கும் ஒவ்வொரு விதமாக விரிக்கும். ஒரு பழைய அட்டைப்பெட்டியை விரித்து மண்மேட்டில் சாத்தி, 25 எட்டு நடந்து வந்து ஒரு தோட்டா சுட்டுப் பாருங்கள். சோற்றுக் கோப்பை அளவு வட்டத்துக்குள் எத்தனை விழுகிறது என்று எண்ணுங்கள். தோட்டா கணக்காகத்தான் கிடைக்கும், வீண் என்று தோன்றும். வீணல்ல.

ஒற்றை ஈயக்குண்டு உள்ள தோட்டாவும் உண்டு. 28 கிராம் குண்டு, 2,500 யூலுக்கு மேல், எந்தப் பன்றியையும் விழுத்தும். அது சன்னத்தை விடத் தூரம் போகும் என்பதால் கீழ்நோக்கி, மண் தாங்கும் பக்கமாக மட்டுமே சுட வேண்டும். குழலின் வாய்ப்பக்கம் இறுக்கமாக உள்ள துவக்கில் உருண்டைக் குண்டு போடுவது ஆபத்து. துவக்குத் திருத்துபவரிடம் காட்டிக் கேட்ட பின்பே போட வேண்டும்.

பழைய துவக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் எமது கைக்கு வருவது பெரும்பாலும் வயதான துவக்கே. குழலின் அடிப்பக்கத்தில் தோட்டா அறையின் நீளம் பொறித்திருக்கும். பழைய ஆங்கிலத் துவக்குகள் பல 65 மில்லிமீற்றர் அறை கொண்டவை. இன்றைய தோட்டா பெரும்பாலும் 70. அது 65 அறைக்குள்ளும் இலகுவாகப் போய்விடும். அதுதான் ஏமாற்று. சுடும்போது வாய்மடிப்பு விரிய இடமில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறி, ஒருநாள் குழல் கிழியும். குழலின் மேல் பாம்புத்தோல் போல் சுருள் சுருளான கோலம் தெரிந்தால் அது இரும்பு நாடாக்களைச் சுற்றிக் காய்ச்சி அடித்த குழல். பழைய கரிமருந்துக்குச் செய்தது, இன்றைய மருந்துக்கு அல்ல. அதைச் சுவரில் மாட்டி வைக்கலாம், தோளில் வைக்கக்கூடாது. இன்னொன்று, 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். வெறுமையாக இருக்கிறது என்று நினைத்துப் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டவர்கள் கையை இழந்திருக்கிறார்கள். இரண்டு வகைத் தோட்டாவும் ஒரே பையில் இருக்கக்கூடாது.

கான் தாண்டும்போதும் சரிவில் ஏறும்போதும் துவக்கை முறித்துத் தோட்டாவை வெளியே எடுத்து விடுங்கள். வழுக்கி விழுந்து குழல்வாயில் சேறு அடைத்தால், துடைக்காமல் சுட்டால் குழல் வெடிக்கும். வீட்டில் துவக்கு ஓரிடம், தோட்டா வேறிடம், இரண்டுக்கும் பூட்டு.

சுடும் வேளையில் ஒரே ஒரு விதி. உருவத்தைச் சுடாதே, பன்றியைச் சுடு. எங்கள் மலைகளில் விடியுமுன் தண்ணீருக்கும், வெளிக்குப் போகவும், மாட்டுக்குப் புல்லுக்கும் ஆட்கள் நடமாடுகின்றார்கள். டோர்ச் வெளிச்சத்தில் புதர் அசைந்தது என்பதற்காக விசையை அழுத்தியவன் பிறகு வாழ்நாள் முழுதும் அழுவான். பன்றி காயம்பட்டு ஓடினால் இரவில் பின்தொடரக் கூடாது. விடிந்த பின், இரண்டு மூன்று பேராக, மேல்பக்கமிருந்து இறங்கித் தேட வேண்டும். அதன் பல் ஆளின் தொடை உயரத்தில் இருக்கின்றது. தொடையில் ஓடும் பெரிய இரத்தக் குழாய் அறுந்தால் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல நேரம் இராது.

பத்திரம்

இலங்கையின் துப்பாக்கிச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரம் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்பட வேண்டும். அது ஆளின் பெயரில் இருப்பது. துவக்கை மச்சானுக்கு ஒரு இரவு இரவல் கொடுத்தால் இரண்டு பேர் மீதும் வழக்கு வரும். விண்ணப்பத்தோடு கேட்கப்படுபவை நிலத்தின் உரிமைக்கும் பயிர்ச்செய்கைக்கும் சான்று, கிராம அலுவலரின் கடிதம், பொலிஸ் அறிக்கை போன்றவை. 1971இலும் 1987 முதல் 1989 வரையிலும் கிளர்ச்சிக்காரர்கள் கிராமத்து வீடுகளில் புகுந்து இந்த வேட்டைத் துவக்குகளைத்தான் பறித்துச் சென்றார்கள். ஆகவே அதிகாரிகள் இறுக்கிப் பிடிப்பதிலும் நியாயம் இருக்கின்றது.

ஆனால் முதலாவது சான்றிலேயே எமது மக்கள் தடக்கி விழுகின்றார்கள். தோட்ட நிலம் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசுக்குப் போனது. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளிடம் போனது. லயத்துக்குப் பின்னால் மரக்கறி போடுகிறவர் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. வீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச் உறுதி கிடைத்தவருக்கும் அந்த 7 பேர்ச்சில் வீடுதான் நிற்கிறது, கிழங்கு நிற்பது வேறிடத்தில். ஊர் ஊராய் அலைந்தவரிடமோ பழைய கடிதமும் அழிந்து போயிருக்கும். அதாவது பன்றியால் அதிகம் இழப்பவனுக்கே துவக்கு கிடைக்காது.

கடதாசி இல்லாதவர் கை வைப்பது

இதனால்தான் கட்டுத்துவக்கு வருகின்றது. வன்னியில் இருந்தவர்களுக்கு இடியன் துவக்கு தெரியும். அதை ஆளில்லாமல், குறுக்கே இழுத்த நூலோடு பாதையில் கட்டிவிட்டால் அது கட்டுத்துவக்கு. நூலைத் தட்டுவது பன்றியா, பள்ளிக்குப் போகும் பிள்ளையா என்று அதற்குத் தெரியாது. பன்றியின் உயரத்துக்குக் குறிவைத்திருப்பதால் ஆளுக்குப் படுவது பெரும்பாலும் முழங்காலிலும் அதற்குக் கீழும். எலும்பு நொறுங்கி, அழுக்கும் இரும்புத் துண்டும் உள்ளே போய், காலை எடுக்க வேண்டியதாகிவிடும். ஒற்றைக் காலோடு மலையில் யார் கொழுந்து பறிப்பது? தீனிக்குள் வெடிமருந்து வைக்கும் ஹக்க பட்டாஸ் அதை விடக் கொடியது. கடித்த மிருகம் வாய் கிழிந்து நாட்கணக்கில் பட்டினியாய்ச் சாகும். பிள்ளைகள் கையில் எடுத்தால் கை போகும். வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பிக்கு நேராகக் கொடுப்பது மூன்றாவது கொலை. இம்மூன்றும் குற்றம், மூன்றுக்கும் சிறை உண்டு.

சுருக்குக் கம்பியைப் பலர் குற்றமாகவே எண்ணுவதில்லை. 2020 மே 26இல் நல்லதண்ணி, லக்சபான தோட்டப் பக்கத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் மாட்டியது. மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், 29ஆம் திகதி இறந்தது. மலைநாட்டில் சிறுத்தைகள் இப்படி மாட்டிச் சாவது அது முதலாவதும் அல்ல, கடைசியும் அல்ல. கம்பி கட்டியவன் எண்ணியது பன்றியை, மாட்டியது பன்றிக்குட்டியைத் தின்று தொகையைக் குறைக்கும் மிருகத்தை. எமக்காகச் சம்பளமின்றி இரவுக் காவல் பார்த்தவனைக் கொன்றுவிட்டோம் என்றார் அவ்விடத்துத் தொழிலாளி ஒருவர்.

அடுத்த கரையில் என்ன செய்கின்றார்கள்? 1964 ஒப்பந்தத்தின் பின் எமது உறவினர் பலர் போய்ச் சேர்ந்த நீலகிரியிலும் இதே பன்றி, இதே தேயிலை. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் ஒரு முறை வகுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீற்றருக்குள் வரும் பன்றியைச் சுடக்கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால் வந்து பயிரை அழித்தால் வனத்துறையினர் சுடலாம். கேரளத்தில் 2022 மே மாதம் முதல், விளைநிலத்துக்கு வரும் பன்றியைச் சுட அனுமதி கொடுக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கே கொடுக்கப்பட்டது. சுடுபவர் அனுமதிப்பத்திரம் உள்ளவராக இருக்க வேண்டும், நஞ்சு, வெடி, மின்சாரம் கூடாது. கேரள முறையில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துவக்கு வேண்டியதில்லை என்பது. பழகிய ஒருவர், ஒரு நல்ல துவக்கு, பல குடும்பம். பத்துக் குடும்பம் சேர்ந்து சேத விபரத்தைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி, கிராம அலுவலரின் கையெழுத்து வாங்கி, பிரதேச செயலகத்துக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் கொடுத்தால், அயலில் பத்திரமுள்ள ஒருவரை முறையாக அழைக்கவாவது வழி பிறக்கும். தனித்தனியாகப் போனால் நாற்காலி கூடக் கிடைக்காது.

துவக்கு வரும்வரை வேலி

பெரியவரின் நிலத்துக்குத் திரும்புவோம். அவருக்கு நாங்கள் சொன்னது இதுதான். காட்டுக்கும் பாத்திக்கும் இடையே பத்து மீற்றர் அகலத்துக்கு மானாவையும் புதரையும் வெட்டி வெளியாக்குங்கள். மறைவில்லாத இடத்தைக் கடக்கப் பன்றி தயங்கும். கம்பி வலை போடுவதானால் மூன்றடி உயரம் போதும், ஆனால் அடிப்பக்கம் ஒரு அடி மண்ணுக்குள் போக வேண்டும். பன்றி தாண்டுவதை விடத் தோண்டுவதே அதிகம். வலைக்குப் பணமில்லாவிட்டால் லயக் கூரையிலிருந்து கழித்த தகரத்தையும் அப்படியே புதைக்கலாம். பத்துப் பேர் சேர்ந்தால் பற்றரியில் அல்லது சூரிய ஒளியில் இயங்கும் வேலிக் கருவி வாங்கலாம். அது விட்டு விட்டு அதிர்ச்சி கொடுக்கும், கொல்லாது. நிலத்திலிருந்து 20, 45 சென்ரிமீற்றர் உயரத்தில் இரண்டு கம்பி. புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும், எங்கள் மழைக்கு வாரத்தில் ஒருநாள் புல் வெட்டியே ஆக வேண்டும்.

இறைச்சி பற்றியும் ஒரு வார்த்தை. காட்டுப்பன்றி இறைச்சியில் கண்ணுக்குத் தெரியாத புழுக்கள் இருக்கும். உள்ளே சிவப்பு மாறும்வரை வேக வேண்டும், வாட்டித் தின்பது ஆகாது. 2024இன் இறுதியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் எமது நாட்டுக்குள் வந்தது. மனிதருக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் வளர்ப்புப் பன்றிகளை அடியோடு அழிக்கும். தேயிலைக்குள் செத்துக் கிடக்கும் பன்றியைத் தொடாமல் மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். வேட்டையாடிய பன்றியின் கழிவையும் கழுவிய தண்ணீரையும் வீட்டுப் பன்றிக்குக் கொட்ட வேண்டாம்.

மூன்று மாதம் கழித்துப் போனபோது பெரியவரின் துண்டில் பாதிச் சுற்றுக்குத் தகரம் நட்டிருந்தது. மீதிப் பாதிக்குக் காசில்லை. அந்தப் பக்கத்தில் பேரன் ஒரு காவல் குடில் போட்டு, இரவில் தகரத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறானாம். கிழங்குக்குப் பதில் லீக்ஸ் போட்டிருந்தார், பன்றி அதை அவ்வளவாகத் தொடுவதில்லை என்றார். கொப்பியில் பதினொரு குடும்பத்தின் பெயர் ஏறியிருந்தது. "ரைபிள் கதைய விட்டுட்டேன் தம்பி," என்றார். "ஆனா அந்த எஸ்.ஜி. தோட்டா போடுற துவக்குக்கு எழுதிக் குடுத்திருக்கோம். காணிக் கடதாசி எங்கேன்னு கேட்டாங்க. பன்றி கிட்ட கேளுங்க, அதுக்குத் தெரியும் யாரு காணின்னு, அப்படின்னுட்டு வந்தேன்."